கொழும்பில் நிற்கும் முப்பத்து மூன்று குதிரைகள்

ஊத்துப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் பெண்கள் சார்பாக ஒருத்தி நிற்பது வழக்கம். கணக்கப்பிள்ளை எடையைச் சொல்லும்போது அவளும் தராசைப் பார்ப்பாள். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று அவர் கொஞ்சம் தாராளமாகக் கழித்தால் தொண்டையைச் செருமுவாள். இப்போது அப்படி நிற்பவள் இராக்கம்மா. அவள் செருமினால் மலைக்கு அந்தப் பக்கம் மருந்தடிக்கிற ஆண்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆகவே, தன் மகன் அஜந்தன் வேலை செய்த காரைப் பண்டாரவளையில் ஒரு மெசினில் ஏற்றி அதன் பலத்தை அளக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"நம்ம பக்கம் யாரு நிக்கிறது?"

"அம்மா, அது கொழுந்துத் தராசு இல்ல."

"அளக்கிறதுதானே?"

"அளக்கிறதுதான்."

"அப்ப நான் வாறேன்."

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மருமகள் ஜெயந்தினி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். மடியில் கிடந்த குழந்தை அவளுடைய வளையலைப் பிடித்து இழுத்தது. வெளியே ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறியது. லயத்து வரிசை வீட்டுக் கூரைத் தகரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் வாசலில் வரிசையாகக் குழி பறித்திருந்தது.

அலுமாரியின் மேல் ஒரு நீலப் பை இருந்தது. கட்டாருக்குப் போவதற்காக அஜந்தன் வாங்கியது. அங்கே ஒரு பெரிய கராஜில் வேலை. விசா வந்துவிட்டது, மாத முடிவில் பயணம். அந்தப் பையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஜெயந்தினி கூட்டும்போது அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டுவாள்.

போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை இல்லை. கொழும்பில் வேலை பழகி வந்து, தெமோதரைச் சந்திக்குக் கீழே தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டுக் கராஜ் என்று பெயர் வைத்திருந்தான். வருகிறவை த்ரீவீல்களும் வெலிமடைப் பக்கத்து மரக்கறி லொறிகளும். ஒரு குடும்பத்துக்கு அது போதவில்லை. அப்போதுதான் பதுளை ஆஸ்பத்திரி டொக்டர் கீர்த்திகன் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை இழுத்துக்கொண்டு வந்தார். சில்வியா என்று அதற்குப் பெயர். இரண்டு கதவு, பதிந்த மூக்கு, டேர்போ பூட்டிய இஞ்சின். "இதை மலையேறுற போட்டிக்கு ஓடுற மாதிரிச் செய்து தாரும். சில்லில இருநூற்றைம்பது குதிரைவலு வரவேணும். வந்துதெண்டா எங்கட ஆக்களின்ர காரெல்லாம் உம்மட்டத்தான் வரும். அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

அந்தக் கார் வந்ததிலிருந்து அஜந்தன் கொட்டிலிலேயே கிடந்தான். பெரிய டேர்போ, காற்றைக் குளிரவைக்கும் பெட்டி, புதிய குழாய்கள் எல்லாம் அவன் கையால் ஏறின. மலையில் பெரியாயி, "ஏன்க்கா, ஒங்க மகன் போன்ல எந்நேரமும் சில்வியா சில்வியாங்குறானாமே, யாரு அந்தப் புள்ள? ஜெயந்தினிக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்து ஒரு வாரம் கொழுந்து பறிக்கிற கூட்டமே சிரித்தது.

"இருநூத்தைம்பது வந்துச்சுன்னா அந்தப் பைய எறக்கிரலாம்" என்று அஜந்தன் மனைவியிடம் ஒருமுறை சொன்னான். ஜெயந்தினி அதை மாமியாரிடம் சொன்னாள். அதற்குப் பிறகு இராக்கம்மா இருநூற்றைம்பது என்ற எண்ணை ஒரு சாமியின் பெயரைப் போலச் சொல்லத் தொடங்கினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை திருவிழாச் சேலையை உடுத்திக்கொண்டு, ரொட்டியும் கட்டச் சம்பலும் வாழையிலையில் சுற்றிக்கொண்டு அவள் சில்வியாவின் முன் ஆசனத்தில் ஏறினாள். பின்னால் அஜந்தன் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். டொக்டர் ஓட்டினார்.

"பயமா இருக்கோ அம்மா?"

"எனக்கு என்னாங்கய்யா பயம். ஆசனந்தான் குழிக்குள்ள எறங்கின மாதிரி இருக்கு. தேயில தெரியல, வானந்தான் தெரியுது."

டொக்டர் சிரித்தார். அவர் நல்ல மனிதர். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது வரிசையில் நிற்கவிடாமல் பார்த்தவர். அதனால்தான் அஜந்தனுக்கு அன்றைக்கு நடந்தது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மெசின்காரர் றுஷ்தி முன்பு லீக்ஸும் உருளைக்கிழங்கும் அடுக்கியிருந்த ஸ்டோர் ஒன்றைத்தான் பட்டறையாக்கியிருந்தார். சுவரில் இன்னும் லீக்ஸ் வாசனை இருந்தது. தரையில் இரண்டு பெரிய இரும்பு உருளைகள். காரின் பின்சில்லுகளை அவற்றின் மேல் ஏற்றி, நாலு பக்கமும் பட்டியால் இழுத்துக் கட்டினார்கள். முன்னால் ஒரு பெரிய காற்றாடி. பக்கத்தில் கம்ப்யூட்டர்.

இராக்கம்மா நேராகப் போய்க் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கதிரையில இரிங்கம்மா" என்றார் றுஷ்தி.

"நான் நிக்கிற ஆளு தம்பி."

கார் ஓடியது, நின்ற இடத்திலேயே. உருளை சுற்றியது, தகரக் கூரை அதிர்ந்தது, கூரையில் இருந்த புறாக்கள் மழையை மதிக்காமல் பறந்தன. இராக்கம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மட்டும் திரையில் வைத்திருந்தாள். ஒரு கோடு மெதுவாக மலையேறுவது போல ஏறி, உச்சியில் கொஞ்சம் தங்கி, சரிந்தது. சத்தம் அடங்கியபோது றுஷ்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மாஷா அல்லாஹ். இருநூத்து அம்பத்து நாலு!"

டொக்டர் அஜந்தனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அஜந்தன், நீர் விசர் வேலை செய்திருக்கிறீர்!" என்று கத்தினார். அச்சடித்து வந்த தாளைப் போனில் படமெடுத்து உடனே நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு, பேச வசதியாக வெளியே தாழ்வாரத்துக்குப் போனார். இராக்கம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். றுஷ்தியின் மனைவி ஜெனீரா பிளேன்ரீயும் சக்கரைத் துண்டும் கொண்டுவந்து வைத்தாள்.

ரீயை ஊதிக் குடித்துக்கொண்டே இராக்கம்மா தன் வழக்கப்படி கேட்டாள். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. இதுல எவ்வளவு கழிச்சிங்க?"

"கழிக்கிறதா?"

"சாக்குக்கு, ஈரத்துக்குன்னு…"

றுஷ்தி வாய்விட்டுச் சிரித்தார். "நாங்க கழிக்கிறதில்லம்மா. இங்க கூட்டித்தான் போடுற."

"கூட்டியா! அட சாமி, கூட்டிப் போடுற தராசும் ஒலகத்துல இருக்கா? எங்க தோட்டத்துக்கு ஒண்ணு குடுங்க தம்பி, நான் தலையில தூக்கிட்டுப் போயிருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அஜந்தன் சிரிக்கவில்லை. தாளை எடுத்து அதன் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தான். ஒன்று தசம் ஒன்று ஐந்து என்று இருந்தது. றுஷ்தியை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டுக் கேட்டான்.

"நானா, இதால பெருக்கித்தான் இருநூத்து அம்பத்து நாலா?"

"ஓம் தம்பி. மலையில காத்து மெல்லிசு, இஞ்சினுக்கு மூச்சு கொறவு. இதே கார் கீழ கொழும்புல, கடல் பக்கம் ஓடினா எவ்வளவு வருமோ, அதுக்குக் கூட்டிக் காட்டும். எல்லா ஊர்க் காரையும் ஒரே கணக்குல வெச்சுப் பாக்கத்தான். பிழையான வேல இல்ல."

"பிழைன்னு சொல்லல நானா. ஆனா இது டேர்போ. காத்தத் தானே அமுக்கி இழுத்துக்கிற இஞ்சினுக்கு இவ்வளவு கூட்டுனா…"

"கூடத்தான். நான் என்ன செய்ய, எல்லாருக்கும் அப்பிடித்தான் போட்டுக் குடுக்கிறேன். ஆக்கள் சந்தோசமாப் போறாங்க. நீங்க ஏன் தம்பி இப்ப…"

"ஒருக்கா அத எடுத்துட்டுக் காட்டுங்க நானா."

றுஷ்தி பெருமூச்சு விட்டு ஒரு விசையைத் தட்டினார். திரையில் இருந்த கோடு அப்படியே கீழே இறங்கி உட்கார்ந்தது. இருநூற்று இருபத்தொன்று.

இராக்கம்மாவுக்குக் கணக்கின் நுணுக்கம் விளங்கவில்லை. எண் குறைந்தது மட்டும் விளங்கியது. மகனின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனாள்.

"டேய், என்னாடா பண்ற?"

"இதுதாம்மா உண்ம நம்பர்."

"அந்த மனுசன் கேட்டாரா? நாம கேட்டமா? அவங்களாத்தானே கூட்டிக் குடுத்தாங்க! நான் அர கிலோவுக்கு மழையில நின்னு தொண்ட கிழியக் கத்துறவ. நீ என்னான்னா கூட்டுனதக் கழிங்கன்னு கெஞ்சுற!"

"அம்மா, மெதுவா."

"பேசாம இரு. ரீயக் குடி, கும்பிடு போடு, வீட்டுக்கு வா. பச்சப்புள்ளய நெனச்சுப் பாரு. அந்தப் பையப் பாத்துப் பாத்து ஜெயந்தினி மூஞ்சி எப்பிடி ஆகிருச்சுன்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பறம்?"

அதற்குள் டொக்டர் போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "எல்லாரும் எரியுறாங்கள்" என்றார்.

அஜந்தன் இரண்டு தாள்களையும் அவர் கையில் கொடுத்தான்.

டொக்டர் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். "இது என்ன? ரெண்டு காரோ?"

"ஒரே ஓட்டந்தான் டொக்டர். அது கொழும்புக் கணக்கு. இது இங்க, இந்தக் காத்துல."

"அப்ப மிச்சம் முப்பத்து மூண்டும் எங்க?"

"கொழும்புல நிக்குது டொக்டர். மலைக்கு வராது. போட்டி இங்க மலையிலதானே? இருநூத்து அம்பத்து நாலுன்னு நம்பி ஒரு லொறிய முந்தப் போனீங்கன்னா, அந்த முப்பத்து மூணும் வந்து தள்ளாது."

மழை வலுத்துக் கூரையில் இரைந்தது. டொக்டர் சிரிக்க முயன்று பாதியில் விட்டார். காதுகள் சிவந்திருந்தன.

"நான் குரூப்பில போட்டிட்டனே, ஐசே."

"தெரியும் டொக்டர்."

"முதலே சொல்லியிருக்கலாம்."

"எனக்கே இப்பத்தான் தெரியும்."

டொக்டர் தாள்களை மடித்தார். "நான் ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போகவேணும். நீங்கள் கோச்சியில போவியளோ?" என்றார். கார் பட்டறையை விட்டு வெளியேறும்போது சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

*

பதுளைக்குப் போகும் ரயிலில் தாயும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். யூகலிப்டஸ் மரங்கள் ஈரமாக ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தன. ரொட்டிப் பொட்டலம் இராக்கம்மாவின் மடியில் பிரிக்காமலே இருந்தது. சுரங்கத்துக்குள் இருட்டியபோது அவன் "அம்மா" என்றான். வெளிச்சம் வந்தபோது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டிலும் அவள் பேசவில்லை. பேச வேண்டியதைக் குழந்தையிடம் பேசினாள்.

"ஒங்கப்பன்கிட்டச் சொல்லு பாப்பா, சோறு ஆறுதுன்னு."

"பாப்பா, ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லு, பசிக்கலன்னு" என்றான் அவன்.

"பசிக்காதும்மா பாப்பா. பெரிய அரிச்சந்திரனுக்கெல்லாம் எங்க பசிக்கும்?"

குழந்தை இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எச்சில் வடிய சிரித்தது.

ஜெயந்தினி மட்டும் அவனைக் குறை சொல்லவில்லை. நீலப் பையை இறக்கி, துடைத்து, அவனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். "குளிராதாமே அங்க" என்றாள். "சுவெட்டர் வேணாந்தானே?"

"வேணாம்."

"வச்சுக்கங்க. ஏசி போடுவாங்களாம்."

"நீயும் என்ன கோவமா?"

அவள் ஒரு சட்டையின் கையை நீவினாள். "பொய் சொல்லி நின்னுருந்தா, டொக்டரு ஒவ்வொரு தடவ வரும்போதும் நீங்க கொட்டிலுக்குப் பின்னால போயி ஒளிஞ்சிருப்பீங்க. ஒங்கள எனக்குத் தெரியாதா" என்றாள். பிறகு சுவெட்டரை அடியில் வைத்து, பையை மூடி மறுபடியும் அலுமாரியின் மேல் ஏற்றினாள்.

டொக்டரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கராஜுக்கு ஒரு த்ரீவீல் பிரேக் கட்டைக்கு வந்தது. அஜந்தன் அதை வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தான்.

வியாழக்கிழமை மழையிலேயே கொழுந்து பறித்தார்கள். படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு பெண்கள் நிரைக்குள் இறங்கினார்கள். இராக்கம்மா மகனை வைதுகொண்டே பறித்தாள். பெரியாயி பக்கத்து நிரையிலிருந்து எண்ணெய் ஊற்றினாள்.

"பேசாம இருந்திருந்தா இருநூத்தைம்பதுல்லக்கா?"

"அம்பத்து நாலு! நாலு மிச்சம் வேற!"

"படிச்ச புள்ளைங்களே இப்பிடித்தான்."

"எங்க படிச்சான்? நெட்டு போல்ட்டுப் படிச்சான்."

மத்தியானம் நிறுவை. றோட்டோரத்துக் கொட்டிலில் எலெக்ட்ரோனிக் தராசு கூரை வளையில் தொங்கியது. கணக்கப்பிள்ளை சுரேஸ் புதிதாக வந்தவன், மழையில் நனைந்து வந்து நடுங்கிக்கொண்டிருந்தான். இராக்கம்மா தன் இடத்தில் போய் நின்றாள். முதல் சாக்கு பெரியாயியுடையது. கொக்கியில் மாட்டினார்கள். சிவப்பு எண்கள் துள்ளி நின்றன. பெரியாயியின் முகம் மலர்ந்தது. அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கூட இருந்தது. பின்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"நிப்பாட்டுங்க!"

சத்தம் போட்டது இராக்கம்மா.

"அந்தக் கொக்கியில என்னா தொங்குது? சுரேஸ் தம்பி, ஒங்க மழச் சட்டயா அது? தண்ணி சொட்டச் சொட்டத் தராசுலயா தொங்கப் போடுவாங்க? எடுங்க! எடுத்துட்டு சைபர்ல இருந்து போடுங்க!"

சுரேஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு மழைச் சட்டையை எடுத்தான். எண்கள் இறங்கின. பெரியாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, ஒங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? அது நமக்குக் கூடத்தானே காட்டுச்சு!"

இராக்கம்மா மழைச் சட்டையையும் தராசையும் மாறிமாறிப் பார்த்தாள். கொக்கியில் எது தொங்கினாலும் கத்துவது அவளுக்குப் பழக்கம். யார் பக்கம் கூடும், யார் பக்கம் குறையும் என்று யோசிப்பதற்குள் தொண்டை முந்திக்கொண்டுவிட்டது.

"நாளைக்கு அவுக கழிக்கும்போது நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடி கத்துறது?" என்றாள் கடைசியில்.

பெரியாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "அப்பறம் என்னாத்துக்குக்கா அந்தப் பயலப் போட்டு வஞ்சுக்கிட்டு இருக்கீங்க? வீட்டுல வளத்ததெல்லாம் இந்த வளப்புத்தானே!"

கொட்டில் முழுவதும் சிரித்தது. சுரேஸும் சிரித்தான். அன்றைக்கு ஈரத்துக்குக் கழிக்கும்போது அவன் இராக்கம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கழித்தான். அவள் செருமவில்லை. செருமுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே தெமோதரைச் சந்திக்கு இறங்கினாள். வழியில் கடையில் நெத்தலிக் கருவாடு வாங்கினாள். அது அஜந்தனுக்குப் பிடிக்கும். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தவள், கொட்டிலுக்கு முன்னால் சில்வியா நிற்பதைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். பின்னால் இன்னொரு கார் நின்றது. வெள்ளை.

டொக்டர் கீர்த்திகன் சாரத்தோடும் ரீசேட்டோடும் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நாள் உம்மோட சரியான கோவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "பிறகு மற்றத் தாளையும் குரூப்பில போட்டன். நல்லாச் சிரிப்பாங்கள் எண்டுதான் நினைச்சன். ஒருத்தனும் சிரிக்கேல்ல. எல்லாரும் தங்கட தாளைத் தேடத் தொடங்கிட்டாங்கள். எல்லாம் அந்த மெசினில எடுத்ததுதானே. தங்கட குதிரையில எத்தனை கொழும்பில நிக்குது எண்டு அவையளுக்குப் பயம். இந்தா, இவர் முதல் ஆள். இன்னும் மூண்டு பேர் வருவினம். கூட்டாமல் சொல்லுற ஆளிட்டத்தான் காட்ட வேணுமாம்."

வெள்ளைக் காரின் சொந்தக்காரர் வெட்கத்தோடு தலையாட்டினார்.

அஜந்தன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்து முடித்த கையை மறுபடியும் துடைத்தான்.

"ஒண்டு கேக்கிறன்" என்றார் டொக்டர். "அந்த முப்பத்து மூண்டையும் மலைக்குக் கொண்டுவர ஏலாதோ?"

"முப்பத்து மூணும் வராது டொக்டர். டேர்போவ மலைக் காத்துக்கு ஏத்த மாதிரி இன்னும் கொஞ்சம் அமுக்க விடலாம். ஒரு பன்னெண்டு, பதினஞ்சு…"

"பன்னெண்டா, பதினஞ்சா?" என்று தூணுக்குப் பின்னால் இருந்து ஒரு செருமலோடு குரல் கேட்டது. "தொகைய ஒழுங்காச் சொல்லணும். அளக்கிற அன்னைக்கு நான் வந்து நிப்பேன்."

டொக்டர் எழுந்து நின்றார். "வாங்கோ அம்மா. உங்களை விட்டிட்டு ஆர் அளக்கிறது?"

"பன்னெண்டு" என்றான் அஜந்தன், தாயைப் பார்த்து.

"அப்பிடிச் சொல்லு" என்றாள் அவள். பாப்பாவின் வழியாக இல்லாமல் நேராக அவனிடம் பேசியதை அப்போதுதான் கவனித்தாள் போல, கருவாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தாள். "வெள்ளனமே வீட்டுக்கு வா. கருவாடு வாங்கியிருக்கேன்."

அவள் லயத்துக்கு ஏறியபோது மழை விட்டிருந்தது. ஜெயந்தினி வாசலில் நின்று, "மாமி, டொக்டரு கார் சத்தம் கேட்டுச்சே, என்னாவாம்?" என்றாள்.

இராக்கம்மா உள்ளே போய், கதிரையை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நீலப் பையை இறக்கினாள். பையின் ஜிப்பைத் திறந்து சட்டைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கினாள். அடியில் சுவெட்டர் இருந்தது. அதை மட்டும் கையில் எடுத்து உதறி, கொடியில் போட்டாள்.

"இங்கதான் குளிரும்" என்றாள்.